தகவல் மனு வந்ததும் அலுவலகங்கள் செய்யும் தவறுகள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இருபது ஆண்டு கடந்தும் வட்டாட்சியர் அலுவலகம், நகராட்சி, கல்வி அலுவலகம் என்று எங்கு போனாலும் தகவல் மனுக்களுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். சட்ட நுணுக்கத்தைவிட நாள்கணக்கும் பதிவேடும்தான் அவர்களைக் கவிழ்க்கின்றன.

முதல் தவறு தபால் பிரிவிலேயே தொடங்கிவிடுகிறது. மனு வருகிறது, முத்திரை விழுகிறது, மேலதிகாரி பார்வைக்குப் போகிறது, அங்கிருந்து பிரிவுக்கு இறங்குகிறது, எழுத்தர் தன்பதிவேட்டில் (தன்னிடம் வரும் தபால்களைப் பதியும் ஏட்டில்) ஏற்றுகிறார். பொதுத் தகவல் அலுவலர் கைக்கு வரும்போது எட்டு, பத்து நாள் ஓடியிருக்கும். அவரோ பதில் தருவதற்கான 30 நாளைத் தன் மேசைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுகிறார். பிரிவு 7(1) எண்ணச் சொல்வது மனு பெறப்பட்ட நாளிலிருந்து. பின்னால் தகவல் ஆணையத்தில் விசாரணை என்று வந்தால் முதலில் பார்க்கப்படுவது அலுவலக வரவு முத்திரைதான். உதவிப் பொதுத் தகவல் அலுவலர் வழியாக வந்த மனுவுக்கு மட்டும் ஐந்து நாள் கூடுதல் உண்டு. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான். தகவல் மனுக்களைப் பிற தபாலோடு கலக்காமல் தனிப் பதிவேட்டில் ஏற்றி, 5-ஆம் நாள் (மனுவை வேறு அலுவலகத்துக்கு மாற்றும் கெடு), 30-ஆம் நாள் (பதில் தரும் கெடு) இரண்டின் தேதியையும் அன்றே எழுதி வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்தது.

கட்டணத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் மனுவுக்கு 10 ரூபாய், ஏ4 நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பட்டா மாறுதல் கோப்பின் நகல் கேட்டு ஒரு மனு வருகிறது, கோப்பு 38 பக்கம், 76 ரூபாய். கணக்கு அவ்வளவுதான். ஆனால் கோப்பை எடுத்துப் பக்கம் எண்ணவே 26 நாள் ஆகிறது. 26-ஆம் நாள் கட்டணக் கடிதம் போகிறது. கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டிய நாள் வரை கெடு நின்றுவிடும். பணம் வந்த பிறகு புதிதாக 30 நாள் கிடைப்பதில்லை, மிச்சம் இருக்கும் நான்கு நாள்தான். இது தெரியாமல் இன்னொரு மாதம் எடுத்துக்கொள்வோர் உண்டு. 30 நாள் முடிந்தபின் கட்டணம் கேட்பது அதைவிட மோசம். கெடு தாண்டினால் பிரிவு 7(6)-இன்படி இலவசமாகவே கொடுத்தாக வேண்டும். ஆகவே முதல் வாரத்திலேயே பக்கம் எண்ணுங்கள். கடிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் போடாமல் எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு என்ற கணக்கைக் காட்டுங்கள். அந்தத் தொகையை எதிர்த்து யாரிடம் முறையிடலாம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவரிடம் சான்றைப் பெற்றுக்கொண்டு எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது.

“இத்தகவல் இவ்வலுவலகத்தைச் சார்ந்தது அல்ல, உரிய அலுவலகத்தை அணுகவும்” என்று மனுவைத் திருப்பி அனுப்புவது சட்டப்படி பதிலே ஆகாது. தகவல் வேறு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால் பிரிவு 6(3)-இன்கீழ் ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றிவிட்டு, மாற்றியதை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரே அலுவலகத்தின் இன்னொரு பிரிவில் கோப்பு இருக்கிறது என்றால் பிரிவு 6(3)-ஐயே தொடத் தேவையில்லை. அதற்குப் பிரிவு 5(4) இருக்கிறது: கோப்பை வைத்திருப்பவரிடம் எழுத்துமூலம் உதவி கேட்கலாம். கேட்டபின் அவர் தாமதித்தால், பிரிவு 5(5)-இன்படி அபராதத்துக்கு அவரே பொதுத் தகவல் அலுவலராகக் கருதப்படுவார். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு, விசாரணையன்று “பிரிவிலிருந்து வரவில்லை ஐயா” என்பவருக்கு இந்தக் கவசம் கிடைக்காது. தேதியிட்ட குறிப்பு, அதில் கோப்பு எண், பெற்றுக்கொண்டவர் கையொப்பம் மூன்றும் வேண்டும்.

மறுப்பு ஆணைக்கு வருவோம். “தாங்கள் கோரிய தகவலைச் சட்டப் பிரிவு 8-இன்படி வழங்க இயலாது” என்ற ஒற்றை வரிப் பதில் இன்னமும் அச்சுமாறாமல் வருகிறது. எந்தெந்தத் தகவலுக்கு விலக்கு என்று சொல்லும் பிரிவு 8(1)-க்குள் பத்து உட்பிரிவுகள் இருக்கின்றன. எது பொருந்துகிறது, ஏன் பொருந்துகிறது, எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் ஆணையிலேயே இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7(8). மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பும் மறுத்தவருடையது. ஐந்து இனங்களில் தகவல் கேட்ட மனுவில் மூன்றாவது மட்டும் விலக்குக்குள் வருகிறது என்றால் மற்ற நான்கையும் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்கு மட்டும் தனிக் காரணம் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரிதான் சிக்கல் என்றால் பிரிவு 10-இன்படி அந்த வரிகளை மறைத்து மீதியைக் கொடுக்கலாம்.

“விசாரணை நிலுவையில் உள்ளது” என்பது அலுவலகங்களுக்குப் பிடித்த இன்னொரு வாக்கியம். பிரிவு 8(1)(எச்) கேட்பது, தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்ற விளக்கத்தை. விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே காரணம் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே பகத் சிங் என்ற மனுதாரரின் வழக்கில் சொல்லிவிட்டது.

புதிதாக முளைத்திருப்பது தனிநபர் தகவல் என்ற சாக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கொண்டுவந்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும் பிரிவு 8(1)(ஜே) முன்னைவிட அகலமாகிவிட்டது. ஒரு பெயர் கண்ணில் பட்டாலே கோப்பை மூடிவிடலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டப் பயனாளிகள் விவரம், ஒவ்வோர் அலுவலரின் மாத ஊதியம் ஆகியவற்றைக் கேட்காமலேயே வெளியிடச் சொல்லும் பிரிவு 4(1)(பி)-யிலும் திருத்தம் இல்லை. தானே வெளியிட வேண்டிய பட்டியலை மனு போட்டவருக்கு மறுப்பது நிற்காது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண் போன்றவற்றை மறைத்தால் போதும்.

“கோப்பு கிடைக்கவில்லை” என்றொரு விலக்கு சட்டத்தில் கிடையாது. கோப்பு அழிக்கப்பட்டது என்றால் அதற்குச் சுவடு இருக்கும். முடிந்த கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் குறியீட்டிலேயே தெரியும்: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். எந்த வகையில் முடிக்கப்பட்டது, எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்பதைப் பதிவறைப் பதிவேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலையே பதிலோடு வைத்துவிடலாம். நி.மு. கோப்பைக் காணோம் என்று எழுதுபவர் தன் அலுவலகத்தின் மீதே புகார் எழுதுகிறார். 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம், முன்பு இருந்த ஆவணத்தைக் காணவில்லை என்றால் முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க வேண்டும் என்றது. பதில் எழுதுமுன் தேடிய அலமாரி, கட்டு எண், தேடியவர், தேதி இவற்றைக் குறிப்பாகப் பதிந்து வையுங்கள்.

கேள்வி வடிவில் இருக்கிறது என்று மனுவையே தள்ளுவதும் பிழை. “எத்தனை மனு வந்தது?” என்பது கேள்விதான், பதில் பதிவேட்டில் இருக்கிறது, கொடுத்தாக வேண்டும். “ஏன் என் மனுவை மட்டும் நிராகரித்தீர்கள்?” என்பதற்குப் புதிதாக விளக்கம் எழுத வேண்டியதில்லை, இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும் என்று 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் நிராகரித்த ஆணையும் அதற்கான அலுவலகக் குறிப்பும் ஆவணங்களே. அவற்றைக் கொடுத்துவிடுங்கள். தன்விளக்கம் எழுதப் போனால் அடுத்த மனு அதைப் பற்றி வரும்.

நகல் கேட்டவருக்கு “நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளவும்” என்று எழுதலாமா? கேட்ட வடிவில் கொடுத்தால் அலுவலகப் பணி அளவுக்கு மீறி முடங்கும் என்று காட்ட முடிந்தால்தான். அப்போதும் நாள், நேரம், அறை, கோப்பு எண், உடனிருக்கும் அலுவலர் பெயர் குறிப்பிடாத அழைப்பு வெற்றுக் கடிதம்தான்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று கைபேசியில் விசாரிக்கக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை என்பது பிரிவு 6(2). இதைவிட ஆபத்தானது, மனுதாரர் பெயரையும் முகவரியையும் ஒப்பந்ததாரர் காதில் போடுவது. கேட்ட தகவல் யாரைப் பற்றியதோ அந்த மூன்றாம் தரப்பினருக்குப் பிரிவு 11-இன்கீழ் ஐந்து நாளுக்குள் அனுப்பும் அறிவிப்பில் என்ன தகவல் கேட்கப்பட்டது என்று சொன்னால் போதும், யார் கேட்டார் என்பது வேண்டாம். அவருக்குப் பத்து நாள் அவகாசம். அவர் ஆட்சேபித்துவிட்டார் என்பதாலேயே மனு முடிந்துவிடாது. ஆட்சேபத்தைப் பரிசீலித்து, மனு பெறப்பட்டதிலிருந்து 40 நாளுக்குள் முடிவெடுப்பது அலுவலரின் வேலை.

முதல் மேல்முறையீட்டு அலுவலர்கள் பலர் “உரிய பதில் வழங்கவும்” என்று கீழே அனுப்பிவிட்டுக் கோப்பை முடிக்கிறார்கள். 30 நாளில், தாமதத்துக்குக் காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாளில், ஒவ்வோர் இனத்துக்கும் காரணத்தோடு ஆணை போட வேண்டியவர் அவர். அவர் சும்மா இருந்தாலும் மனுதாரர் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. கட்ட வேண்டியது அலுவலகம் அல்ல, அலுவலரே. அதற்குமுன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். அன்று கையில் இருக்க வேண்டியவை: தனிப் பதிவேட்டின் பக்கம், 5(4) குறிப்பு, கட்டணக் கடித நகல், பதில் அனுப்பிய தபால் ரசீது. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், ரசீதோடு அது பட்டுவாடா ஆன விவரத்தையும் இணையத்திலிருந்து அச்செடுத்து அன்றே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.