ட்ராக்டர் சீட்டுல இருந்தே ஸ்பிரேயரக் கவனிக்கிற விதம்

மருந்தடிக்கக்குள்ள நம்மட ஆக்கள் ஒருக்கா பின்னால திரும்பி, புகை மாதிரிப் போகுதெண்டா சரியெண்டு விட்டுருவாங்க. ரெண்டு நோசில் (மருந்து பீச்சுற சின்ன வாய்) அடைச்சுக் கிடந்தாலும் ஸ்பிரேயர் விசிறிட காத்துல அது அப்பிடித்தான் தெரியும். மட்டக்களப்புல செங்கலடி, வாகரைப் பக்கம் மரமுந்திரிகை, மாமரம் வச்சு ட்ராக்டருக்குப் பின்னால ஸ்பிரேயர் கொழுவி அடிக்கிற ஆக்களுக்குத்தான் இது.

பிரஷர் மீட்டர் பெரிய முகமுள்ளதா, டாங்கிட முன்பக்கம் சீட்டப் பார்த்த மாதிரி இருக்கணும். மீட்டர் கிட்ட இருக்கட்டும் எண்டு மருந்து ஓடுற ஹோஸ சீட்டடிக்கு இழுத்து வச்சுப் பூட்டாதீங்க, வெடிச்சா முகத்துலதான். முள்ளு நடுங்கினா பம்ப் காத்து இழுக்குது, இல்லாட்டி பம்புல உள்ள காத்து அறையில காத்து குறைஞ்சிருக்கு. மெதுமெதுவா இறங்கினா முதல்ல பில்டரக் கழட்டிப் பாருங்க, குளத்துத் தண்ணி அள்ளினா பாசிதான் காரணமா இருக்கும்.

ஆனா மீட்டர மட்டும் நம்ப ஏலாது. ஒரு நோசில் அடைச்சா மிச்சத் தண்ணிய வால்வு திருப்பி டாங்கிக்கே விட்டுரும், முள்ளு அசையாது. அதுக்கு நல்ல வழி மரத்த எண்ணுறது. மரம், வரிசை ரெண்டும் 7 மீட்டர் இடைவெளி, வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர், எல்லா நோசிலும் சேர்ந்து நிமிசத்துக்கு 21 லீட்டர் எண்டு வைங்க, 21 ஐ 600 ஆல (இது அலகு மாத்துற மாறாத எண், டாங்கி அளவில்ல) பெருக்கி, 3 தர 7 ஆல பிரிச்சா ஹெக்டேயருக்கு 600 லீட்டர் வரும். அப்ப 600 லீட்டர் டாங்கி பாதியாகக்குள்ள, ஒரு பக்க மரத்த மட்டும் எண்ணிக்கிட்டு வந்தா கிட்டத்தட்ட 102வது மரத்தடியில நிக்கணும். டாங்கியில பாதி அளவுக்கு சிவப்பு டேப் ஒண்டு ஒட்டி விடுங்க, வரிசை முடிவுல திரும்பக்குள்ள கண்ணுல படும். பத்து மரம் தாண்டியும் பாதி வரல்லையா, எங்கயோ அடைப்பு. பத்து மரம் முந்தியே பாதி வந்துட்டுதா, நோசில் தேஞ்சு போச்சு, இல்லாட்டி ஒழுகுது. பத்து வீதம் கூட ஊத்துற நோசில மாத்தத்தான் வேணும், பிரஷரக் குறைச்சு சமாளிக்கப் பார்த்தா துளி பெருசாகி இலையில நிக்காம வடிஞ்சிரும்.

இந்தக் கணக்கு வேகத்திலதான் தங்கியிருக்கு. போன் ஜிபிஎஸ் இவ்வளவு மெல்லப் போகக்குள்ள தடுமாறும், 100 மீட்டர் அளந்து ரெண்டு கம்பு நட்டு 120 செக்கன்ல கடக்குதா எண்டு பாருங்க, மறுகா அந்த கியரையும் பிடிஓ (ட்ராக்டருக்குப் பின்னால ஸ்பிரேயரச் சுத்த வைக்கிற சாப்ட்டு) நிமிசத்துக்கு 540 சுத்து வாற திரொட்டிலையும் மாத்தாம ஓடுங்க.

ரெண்டு பக்கமும் அகலக் கண்ணாடி போட்டா கழுத்தும் நோகாது, எந்தப் பக்கம் புகை மெலியுது எண்டும் தெரியும். வெயில எதிர்த்துப் பார்த்தா ஒவ்வொரு நோசிலும் தனியாத் தெரியும்.

அடைப்பு எடுக்க இறங்கினா பிடிஓவ நிப்பாட்டி, இஞ்சினையும் நிப்பாட்டிட்டு இறங்குங்க, சாறனோட சுத்துற சாப்ட்டுக்கிட்டப் போகாதீங்க. நோசில வாயால ஊதவும் வேணாம், பழைய பல் பிரஷ் போதும்.

கமரா வாங்கவா எண்டு கேக்கிறவங்களுக்கு, அந்தக் காசுக்கு வலம் இடம் ரெண்டு பக்கமும் தனித்தனியா ப்ளோ மீட்டர் (மருந்து ஓடுற அளவக் காட்டுறது) போடுங்க, கமரா லென்ஸ்ல மருந்து படிஞ்சா கொஞ்ச நேரத்துல ஒண்டும் தெரியாது.