பாட்டிலில் ஒரு மேகம், டம்ளரில் அதன் உயரம்

"மேகம் தண்ணீர்தானே, அப்புறம் ஏன் கீழே விழவில்லை?" என்று அக்கா மகள் கேட்டபோது, "லேசாக இருக்கிறது, மிதக்கிறது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "தண்ணீர் காற்றைவிட லேசா மாமா?" என்றாள். ஒன்பது வயது. மாட்டிக்கொண்டேன். அதன்பின் இருவரும் செய்து பார்த்தவற்றை, சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு மேகத்தைச் செய்துவிடலாம். நிறமில்லாத பெரிய பிளாஸ்டிக் பாட்டில், வெதுவெதுப்பான தண்ணீர், தீப்பெட்டி, இவை போதும். தண்ணீர் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாட்டில் நெளிந்துவிடும். மூடியை இறுக்கிக் குலுக்குங்கள். பிறகு இரண்டு கைகளாலும் பாட்டிலை நன்றாக அமுக்கி, ஐந்தாறு நொடி பிடித்திருந்து, சட்டென்று விடுங்கள்.

பெரிதாக ஒன்றும் தெரியாது. முதல் நாள் எங்களுக்கும் தெரியவில்லை. கை வலிக்கும்வரை அமுக்கினோம். தீக்குச்சிப் புகை சும்மா வேடிக்கைக்கு என்று நினைத்து நான்தான் அதை விட்டுவிட்டேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மறுநாள் ஒழுங்காகச் செய்தோம். குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையும் முனையைப் பாட்டிலின் வாயருகே பிடியுங்கள் (நெருப்பு வேலை பெரியவர் கையில் இருக்கட்டும்). பாட்டிலை மெல்ல அமுக்கி விட்டால் அதுவே புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடியைப் போட்டு, பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, மறுபடி அமுக்கி விடுங்கள். வெள்ளையாக ஒரு மூட்டம் எழும்பும். அமுக்கினால் காணாமல் போகும், விட்டால் திரும்ப வரும். அவள் அதை எத்தனை தடவை செய்தாள் என்று நான் எண்ணவில்லை.

நடப்பது இதுதான். அமுக்கும்போது காற்று கொஞ்சம் சூடாகிறது. விடும்போது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி ஆவியாகவே நீடிக்க முடியாமல் நீராக மாறப் பார்க்கும். ஆனால் அதற்கு உட்கார ஓர் இடம் வேண்டும். தூசு, புகை, கடலிலிருந்து கிளம்பும் உப்புத்துகள், எதுவானாலும் சரி. கூலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1875-லும், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 1880-களிலும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். துகளே இல்லாத சுத்தமான காற்று, சாதாரணமாகத் தாங்கும் அளவைப்போலப் பல மடங்கு ஆவியை ஏற்றினாலும் மேகமாகாமல் அடம்பிடிக்கும்.

வானத்தில் யார் அமுக்கி விடுகிறார்கள்? வெயிலில் சூடான தரை தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்க, அது எழும்புகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்கிறது, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. ஓர் உயரத்தில் ஆவி நீராகத் தொடங்கும். பஞ்சுப்பொதி மேகங்களின் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாக, எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பது அதனால்தான்.

அந்த உயரத்தைத் தரையில் நின்றே கணக்கிடலாம். எனக்குப் பாட்டிலைவிட இதுதான் பிடித்தது. பளபளப்பான ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, வெளியே நிழலில் வையுங்கள். ஐஸை ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே, டம்ளரின் வெளிப்புறம் எப்போது மங்குகிறது என்று பாருங்கள். மங்கிய அந்த நொடியில் தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவோ அதுவே பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை. முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். என் மூச்சுக்காற்று பட்டே இரண்டு முறை டம்ளர் மங்கி, கணக்கு கோணலானது.

காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்குங்கள். காற்று 31 டிகிரி, பனிநிலை 23 என்றால் வித்தியாசம் 8. மேகத்தின் அடி தோராயமாக 1000 மீட்டரில். தரையிலிருந்து எழும்பும் பகல்நேரப் பஞ்சு மேகங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். மிக உயரத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரிபவற்றிடம் இதைக் காட்டாதீர்கள்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். நடுத்தரமான பஞ்சு மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் அளவில் தண்ணீர் இருக்கும். ஒரு கன கிலோமீட்டர் மேகம் என்றால் 500 டன். லேசாவது ஒன்றாவது! ஆனால் அந்த 500 டன்னும் பொடிப்பொடியாக இருக்கிறது. ஒரு துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு சின்னத் துளியைக் காற்றின் தடை விடாது பிடித்துக்கொள்வதால், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் கீழிருந்து வரும் காற்று நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று அதை மேலே தள்ளிவிடும். தப்பி அடிப்பக்கத்தைத் தாண்டிய துளியும் கீழே உள்ள சூடான காற்றில் ஆவியாகிக் கரைந்துவிடும். போதாக்குறைக்கு, ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றை இன்னும் மேலே உந்துகிறது.

ஆக, மேகம் விழாமல் இல்லை, விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நம்பாவிட்டால் ஒரு சின்ன மேகத்தைத் தேர்ந்தெடுத்து, பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள் (சூரியன் பக்கம் வேண்டாம்). ஓரங்கள் பிய்ந்து கரையும், நடுவில் புதிதாகப் பொங்கும். பல சமயம் அரைமணி நேரத்துக்குள் அந்த மேகமே இருக்காது. நாங்கள் பார்த்தது பதினேழு நிமிடம் தாங்கியது.

துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்தால் கதை வேறு. சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. இரண்டு மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் வேகமெடுக்கும். சாதாரண மேகக் காற்றால் அதைத் தாங்க முடியாது. "அப்போ என் பாட்டிலில் மழை வருமா?" என்றாள். வராது என்றேன். இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.