மார்க் சுமார்தான், வாசிப்பு நன்றாக இருக்கிறது: பிரிட்டன் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பிரிட்டனில் இசைப் பட்டம் படிக்க இரண்டு வாசல்கள் உண்டு. டர்ஹம் போன்ற பல்கலைக்கழகங்களின் இசைத் துறைகள் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் எடுத்த மார்க்கைக் கறாராகப் பார்க்கும். கன்சர்வட்டுவார் எனப்படும் இசைக் கல்லூரிகளோ முதலில் வாசிப்பைத்தான் பார்க்கும். லண்டனில் ராயல் அகாடமியும் ராயல் காலேஜும் கேட்கும் குறைந்தபட்ச மார்க், இரண்டு ஏ லெவல் பாடங்களில் 'ஈ', அதாவது தேர்ச்சிக்கான கடைசி கிரேடு. சுமாரான மார்க்கை வைத்துக்கொண்டு முதல் வாசலில் முட்டி மோதுவது வீண். அதற்காக இரண்டாவது வாசல் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். மார்க்குக்கு அதிக வேலை இல்லாத இடத்தில் முழுப் பாரமும் ஆடிஷன்மேல், அதாவது நடுவர்கள் முன் வாசித்துக் காட்டும் தேர்வின்மேல், விழும். மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் படிப்புக்கு மார்க், வாசிப்பு இரண்டுமே வேண்டும். அதைத் தள்ளி வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது தேதியில். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் பொது அமைப்பு யூகாஸ். அதன் வழக்கமான கெடு ஜனவரியில் என்பதால் பள்ளியிலும் அதையே சொல்வார்கள். இசைக் கல்லூரிகளுக்கு 'யூகாஸ் கன்சர்வட்டுவார்ஸ்' என்று தனி விண்ணப்பம்; கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே முடியும். ஆறு கல்லூரிகள் வரை போடலாம். லண்டனில் உள்ள கில்டுஹால் இசைக் கல்லூரி இதில் இல்லை, அதற்கு நேரே விண்ணப்பிக்க வேண்டும். யூகாஸ் கட்டணம் போக ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆடிஷன் கட்டணம் தனி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பல கல்லூரிகள் அதைத் தள்ளுபடி செய்கின்றன. கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

சான்றுரை இரண்டு வேண்டும்: ஒன்று பள்ளியிலிருந்து, மற்றது இசை ஆசிரியரிடமிருந்து. உடம்புக்கு முடியாமலோ குடும்பச் சிக்கலாலோ மார்க் சரிந்திருந்தால், அதைப் பள்ளி ஆசிரியர் எழுதட்டும். நீங்களே எழுதினால் சாக்குப்போக்காகத் தெரியும். விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி நீங்கள் எழுதும் அறிக்கையில் வாசித்த உருப்படிகள், சேர்ந்து வாசித்த குழுக்கள், இப்போது திருத்திக்கொண்டிருக்கும் குறை ஆகியவை வந்தால் போதும்.

ஆடிஷன்கள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். மாறுபட்ட இரண்டு உருப்படிகள், பார்த்தவுடன் வாசித்தல் (முன்பின் பார்க்காத நோட்டைப் பார்த்து அப்படியே வாசிப்பது), ஸ்கேல் (சுர வரிசை) அல்லது காதுப் பரீட்சை (கேட்ட இசையை இனம் காண்பது), சின்னப் பேச்சு என்று போகும்; கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். இசைத் தேர்வுகளில் கடைசிப் படியான கிரேடு 8-ஐ நன்றாகத் தாண்டிய தரத்தை எதிர்பார்ப்பார்கள். எட்டாத கான்சர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு வாத்தியம் முன்னின்று வாசிக்கும் பெரிய உருப்படி) திணறி வாசிப்பதைவிட, ஒரு படி கீழே உள்ளதைச் சுத்தமாக வாசிப்பது மேல். நடுவர்கள் தேடுவது இன்னும் நாலு வருடம் வளர இடமிருக்கும் மாணவரை. திணறல் அந்த இடத்தை மறைத்துவிடும். இரண்டு உருப்படிகளையும் ஒரு தடவையாவது ஆட்கள் முன் வாசித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தச் சொன்னால் பதற வேண்டாம். நேரம் போதாமல் எல்லோரையும்தான் நிறுத்துவார்கள்.

பார்த்தவுடன் வாசிப்பதில் பலர் முதல் வரியைப் பார்த்து வேகம் பிடித்து, நாலாவது வரியில் பதினாறாம் பங்கு சுரங்கள் வந்ததும் தடுக்கி விழுகிறார்கள். கொடுக்கும் அரை நிமிடத்தில் ஸ்கேலையும் தாளக் குறியையும் பார்த்துவிட்டு, நெருக்கமான அந்த இடத்தைத் தேடி, அது எந்த வேகத்தில் கைக்கு வருமோ அதையே முழுவதற்கும் வையுங்கள். தப்பு வந்தால் திரும்பிப் போகாதீர்கள். சுரம் போனால் போகட்டும், தாளம் நிற்கக் கூடாது.

பியானோ துணைக்குக் கல்லூரியே ஆள் தரலாம். ஆனால் ஒத்திகைக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அவருக்கான நோட்டின் பக்கங்களை ஒட்டியே கொடுங்கள். உதிரித் தாள்கள் சரிந்தால் பாட்டும் சரியும். வேகத்தைச் சொல்ல முதல் வரியை முணுமுணுக்காதீர்கள். பரபரப்பில் அது ஓடும். நடுவில் உள்ள கடினமான இரண்டு பாரை (நோட்டில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்கள்) பாடிக் காட்டுங்கள்.

வயலின்காரர்கள் முதல் நாள் தந்தி மாற்றவே கூடாது. புதுத் தந்தி இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்பே மாற்றிப் பழக்குங்கள். நவம்பர் குளிரில் ரயிலிலிருந்து இறங்கி நேரே உள்ளே போனால் விரல் விறைத்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

லண்டன் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கர்னாடக வயலினும் கற்றிருப்பார்கள். நல்ல பலம், அறிக்கையில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒரே வயலினை ச-ப-ச-ப சுருதிக்கும் மேற்கத்திய சுருதிக்கும் மாறி மாறித் திருகினால் தந்தி நிலைக்காது. உட்கார்ந்து வாசித்துப் பழகிய இடது கையும் நின்று பிடிக்கும்போது தடுமாறும். ஆடிஷனுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே இரண்டாவது வயலின் ஒன்றை இரவல் வாங்கிவிடுங்கள்.

பதில் வந்ததும் ஒன்றை உறுதியாகவும் இன்னொன்றை மாற்றாகவும் வைத்துக்கொள்ளலாம். இடம் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். இடம் கிடைத்துவிட்டதே என்று புத்தகத்தை மூடிவிட்டு ஆகஸ்டில் வரும் ஏ லெவல் முடிவில் அந்த இரண்டு 'ஈ'யும் வராமல் போனால், இடமும் கையை விட்டுப் போகலாம்.