களப்புக்கரை மீன்வாடி: மேடு, கூரை, பரண்

பொழுதுபட வலை வைத்து, விடியமுன் தூக்குகிறவருக்கு இடையில் கிடைப்பது ஐந்தாறு மணித்தியாலம். வீட்டுக்குப் போய் வர அது போதாது. அந்த நேரத்தில் நனையாமல், பூச்சி புழு தீண்டாமல் படுத்து எழும்பத்தான் வாடி. முல்லைத்தீவுப் பக்கத்து நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளின் (கடலேரிகளின்) கரைகளில் நாலு தடியை நட்டு, மேலே ஒரு படங்கை இழுத்துக் கட்டினால் கோடை கழிந்துவிடும். மாரி கழியாது. இங்கே சொல்வது இரண்டு பேர் படுக்கவும், வலையும் ஐஸ் பெட்டியும் வைக்கவும் போதுமான 14 அடி நீள, 10 அடி அகல வாடி. கிடுகும் (இழைத்த தென்னோலை) தடியும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இடமும் மேடும் பிழைத்தால் அந்த வாடியில் நித்திரை இல்லை. ஆகவே முதல் இரண்டு நாளை நிலத்துக்கே ஒதுக்குங்கள்.

இடம் பார்த்தல்

இந்தக் களப்புகளின் முகத்துவாரத்தைக் கோடையில் மணல்திட்டு அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீரும் குளங்கள் வான் பாய்ந்து வருகிற தண்ணீரும் சேர, திட்டு உடையும்வரை ஏரி வீங்கிக்கொண்டே போகும். உடைந்த பிறகு மளமளவென்று இறங்கிவிடும். ஆவணியில் நீங்கள் பார்க்கிற கரை மார்கழியின் கரையல்ல. போன மாரியில் தண்ணீர் ஏறிய மட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். கண்டல் மரத்தடியில் ஒட்டிக் காய்ந்த சாதாழை, வேலிக்கம்பியில் சிக்கிய சருகு, வரம்புபோல் ஒதுங்கிக் கிடக்கும் சுள்ளி என்பன அதைக் காட்டும். மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் அந்த மட்டத்தை எடுத்து, அதற்கு மேல் குறைந்தது 2 அடி உயரமான நிலத்தைத் தெரிவு செய்யுங்கள். தண்ணீருக்குக் கிட்ட இருந்தால் சுமை குறையும் என்று கீழே இறக்கிக் கட்டுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. முதலைக்கும் அது வசதி. நடந்து போக நாற்பது, ஐம்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) தூரம் இருக்கட்டும்.

கப்பு (தூண்) நடக் கிடங்கு வெட்டமுன் இன்னொன்று. வன்னி நிலத்தில் வெடிபொருள் இன்னும் கிடக்கிறது. அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணி என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் அலவாங்கைப் போடாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே வேண்டாம். வெட்டும்போது தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடவும் கூடாது, கிளறிப் பார்க்கவும் கூடாது. வந்த அடியிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

அனுமதி விஷயத்தைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தொடங்குவது நல்லது. கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவானது. அவற்றின் எல்லைக்குள் நினைத்த இடத்தில் தடி நட முடியாது. காட்டுத்தடி வெட்டவும் பனை தறிக்கவும்கூட அனுமதி வேண்டும். பழைய வீடு பிரித்த வளையும் (கப்புகளின்மேல் கிடக்கும் நெடுமரம்) சிலாகையும் (பிளந்த சட்டம்) விலைக்குக் கிடைத்தால் அதுவே மேல். காய்ந்து இறுகிய மரம் முறுக்காது.

காற்றுக்குத் திருப்புதல்

மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு அடிக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம், பகலில் அனலும் புழுதியுமாக. இரண்டும் எதிரெதிர்த் திசை என்பது நமக்கு வாய்ப்பு. முகடு வடகிழக்கு–தென்மேற்காக ஓடும்படி வாடியைத் திருப்பினால் இரண்டு காற்றும் ஒடுக்கமான பக்கத்தில்தான் மோதும், கூரையைக் கிளப்பாது. வாடைப் பக்கத்தை நிலத்திலிருந்து முகடு வரை அடைத்துவிடுங்கள். சோளகப் பக்கத்துக்குத் தூக்கி முட்டுக் கொடுக்கிற தட்டி போதும், பகலில் இறக்கி இரவில் உயர்த்தலாம். வாசல் நீளப்பக்கத்தில், ஏரியைப் பார்த்து.

மேடு

வாடியின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் 1 அடி கூட்டி, 16 அடிக்கு 12 அடி, முக்கால் அடி உயரம் மண் போட வேண்டும். கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கடற்கரை மணலைக் கொட்டினால் மழையில் கரைந்து ஓடும், உப்பும் ஈரத்தை இழுக்கும். களிகலந்த செம்மண் அல்லது கைவிடப்பட்ட புற்றுமண் நல்லது. முதலில் கப்புகளை நட்டு நேர் பார்த்த பிறகே மண்ணைப் போடுங்கள். மூன்று அங்குலத்துக்கு ஒரு படையாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் குவித்து மேலே மட்டும் மிதித்த மேடு முதல் மழையில் அமுங்கிவிடும், உள்ளே படுக்கப் போடும் பரணின் கால் சரியும். நடுவில் ஒரு அங்குலம் உயர்த்தி ஓரத்துக்குச் சரிவு கொடுத்து, சாணி மெழுகி, சுற்றிவர அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி ஏரிப்பக்கம் திறந்துவிடுங்கள்.

கப்பும் வளையும்

தேவையானவை: முகட்டுக் கப்பு 13 அடியில் 3, பக்கக் கப்பு 9 அடியில் 6, முகட்டு வளை 16 அடியில் 1, பக்க வளை 16 அடியில் 2, கைமரம் (முகட்டிலிருந்து பக்கத்துக்குச் சரியும் தடி) 9 அடியில் 16, வரிச்சுக்கு (கைமரங்களுக்குக் குறுக்கே கட்டுவது) தடி அல்லது பனஞ்சிலாகை 16 அடிக்கு வருமாறு 36. கப்புக்குப் பாலை, வீரை போன்ற வைரமான மரம் வேண்டும். நுனியில் கவர் உள்ளதாகப் பார்த்தால் ஆணி இல்லாமலே வளை உட்காரும். பூவரசு கப்புக்கு ஆகாது, ஒன்றில் தழைக்கும், இல்லாவிட்டால் உக்கும்.

கப்பின் அடி 3 அடியைத் தோல் உரித்து, நெருப்பில் மேலெல்லாம் கறுக்கும்வரை வாட்டி, பழைய என்ஜின் ஓயில் பூசி இரண்டு நாள் காயவிடுங்கள். கறையான் மண்மட்டத்தில்தான் முதலில் ஏறும், ஆகவே அந்த இடத்தில் இரண்டாம் தடவையும் பூசுங்கள். ஓயில் வழிய வழியக் கொண்டுபோய் நட வேண்டாம், அது ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.

கிடங்கு இரண்டேகால் அடி. மேட்டு மண் முக்கால் அடியும் சேர, ஆக 3 அடி புதையும். அப்போது தரையிலிருந்து முகடு 10 அடியிலும் பக்கம் 6 அடியிலும் நிற்கும். மணற்பாங்கான இடத்தில் கப்பு எவ்வளவு இடித்தாலும் ஆடும். அடியில் ஒன்றரை அடி நீளக் குறுக்குத்தடி ஒன்றைக் கட்டி இறக்கி, உடைகல்லும் களியும் போட்டு இடித்தால் பிடித்துக்கொள்ளும். நடுக் கப்பு இடைஞ்சல் என்று சிலர் விட்டுவிடுவார்கள். 14 அடிக்கு இடையில் தாங்கல் இல்லாத வளை, நனைந்த கிடுகின் பாரத்தில் ஒரு மாரியிலேயே தொய்யும், தொய்ந்த இடத்தில் ஒழுகும். அந்தக் கப்பையே எல்லையாக வைத்து ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் வலையும் பெட்டியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மூலைகள் நான்கிலும் சாய்முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டுக்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும், அறுவதும் தெரியாது. தும்புக்கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் கைக்கு வழங்கும், இழுத்து முடியலாம். கப்பும் வளையும் சேரும் இடத்துக்கு மட்டும் அதன் மேல் நைலோன் கயிற்றால் இன்னொரு சுற்று.

கூரை

கைமரங்களை 2 அடிக்கு ஒரு சோடி வீதம் 8 சோடியாக ஏற்றுங்கள். 10 அடி அகலத்துக்கு 4 அடி ஏற்றம் என்பது கிடுகுக்கு ஏற்ற சாய்வு. அதைவிடத் தட்டையாக்கினால் தண்ணீர் ஓடாமல் கிடுகுக்குள் நின்று, பூஞ்சணம் பிடித்து, உள்ளிருந்து உக்கத் தொடங்கும். தாவாரம் (கூரையின் கீழ் ஓரம்) சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீள வேண்டும். மேடு 1 அடிதான் வெளியே நிற்கிறது, ஆகவே கூரைத் தண்ணீர் மேட்டில் விழாமல் வாய்க்காலில் விழும். தாவாரம் தரையிலிருந்து ஐந்தடிக்கும் கீழே வரும், குனிந்துதான் நுழைய வேண்டும். உயர்த்த ஆசைப்படாதீர்கள், சாரல் உள்ளே வராமலிருப்பது அதனால்தான்.

வரிச்சு அரை அடிக்கு ஒன்று. 6 அடிக் கிடுகு என்றால், ஒன்றன் பக்கத்தில் ஒன்று ஏறப் பிடித்து, ஒரு வரிசைக்கு 4 வீதம், பக்கத்துக்கு 17 வரிசை. இரண்டு பக்கமும் முகட்டு மூடலும் சேர்ந்து 150 கிடுகு. அடைப்புக்கு இன்னும் 50. தாவாரத்திலிருந்து மேலே போக வேண்டும். மேலே உள்ளது கீழே உள்ளதை மூடும்படி அரை அடி மட்டும் வெளியே தெரியட்டும். கிடுகை மிச்சம்பிடிக்க முக்கால் அடி வெளியே விட்டால் ஐப்பசி வரை குறை தெரியாது. ஏரித்தண்ணீரில் ஓலையை ஊறப்போட்டு இழைத்த கிடுகா என்று கேட்டு வாங்குங்கள். ஊறாத ஓலையில் இழைத்தது வெயிலில் வெடித்து விரியும்.

ஒழுக்குக்குப் பயந்து முழுக்கூரைக்கும் கிடுகுக்கு அடியில் பொலித்தீன் விரிக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கிடுகு சீக்கிரம் உக்குவதற்கு அதுவே காரணம். படங்குத் துண்டு முகட்டில் மட்டும், இரு பக்கமும் 2 அடி வீதம் போட்டு, மேலே கிடுகைக் கவிழ்த்துக் கட்டுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான். எல்லாம் முடிந்த பிறகு பழைய வலைத்துண்டு ஒன்றைக் கூரைமேல் விரித்து, நான்கு பக்கமும் வரிச்சில் கட்டிவிட்டால் வாடைக்குக் கிடுகு கிளம்பாது.

பரண்

நிலத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து திரியும், பெரும்பாலும் தரையில் நித்திரை கொள்கிறவரைத்தான் தீண்டும். கடிபட்டது பலருக்கு நோவால் தெரியாது, கண்மடல் சோரும்போதுதான் தெரியும். அதனால் பரண் வசதிக்காகப் போடுவதல்ல.

உயரம் 2 அடி, நீளம் ஆறரை அடி, இரண்டு பேருக்கு அகலம் 5 அடி. கவருள்ள ஆறு காலை ஒன்றரை அடி புதைத்து, மூன்று குறுக்குத்தடி போட்டு, அதன்மேல் சீவிய பனஞ்சிலாகையை அரை அங்குல இடைவெளி விட்டு நெடுக்காகக் கட்டுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் கீழ்க்காற்று வராமல் பாய் வியர்க்கும், ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் முதுகு நோகும். சிலாகையின் மேல்முகத்தையும் ஓரத்தையும் இழைத்துவிட மறக்க வேண்டாம், பனஞ்சிராய் ஏறினால் எடுப்பது கஷ்டம். பரணைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நுளம்புவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருக வேண்டும். பரணுக்குக் கீழே எதையும் அடுக்காதீர்கள். சாக்கும் வலையும் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வலையைக் கழுவி, மறுபக்கத்தில் இடுப்புயரத்தில் ஒரு கொடித்தடி கட்டித் தொங்கவிடுங்கள்.

ஐஸ், தண்ணீர், வெளிச்சம், அடுப்பு

ரெஜிபோம் பெட்டியை வெயில் படாத மூலையில், இரண்டு செங்கல் மேல், நனைத்த சாக்குப் போர்த்து வையுங்கள். மீன் ஒரு கிலோவுக்கு நொறுக்கிய ஐஸ் ஒரு கிலோ. அடியில் இரண்டு அங்குலம் ஐஸ், பிறகு மீன், பிறகு ஐஸ் என்று மாற்றி மாற்றி. உருகிய தண்ணீரில் ஊறினால் மீன் சோர்ந்துவிடும், அடியில் ஒரு துளையிட்டு அடைப்பு வைத்து அடிக்கடி வடித்துவிடுங்கள். இறாலை வலையால் எடுத்த கையோடு ஐஸில் போட வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீட்டர் கானில் கொண்டுபோவது நிச்சயமான வழி. மணல்மேட்டில் பூவல் (ஆழமில்லாத ஊற்றுக்குழி) தோண்டினால் மூன்று நாலடியில் நன்னீர் ஊறும். மழைநீர் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பதால் கிடைக்கிற தண்ணீர் அது. ஆழமாக வெட்டினாலோ, ஒரேயடியாக அள்ளினாலோ கீழிருக்கும் உவர் ஏறிவிடும். கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

வெளிச்சத்துக்கு 20 வாட் சோலார் பலகையும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரியும் போதும். 5 வாட் எல்ஈடி ஆறு மணித்தியாலம் எரிய 30 வாட்-மணி, கைபேசிக்கு இன்னொரு பத்து. பற்றரியில் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்திருந்தால் நாள்பட உழைக்கும். பலகையைத் தெற்குப் பார்த்துச் சிறு சாய்வில், கூரை நிழல் விழாத தடியில் கட்டுங்கள். பற்றரி முனைகளுக்குக் கிறீஸ் பூசாவிட்டால் உப்புப் பூத்துவிடும். விளக்கைப் பரணுக்கு மேல் தொங்கவிட்டால் பூச்சி முழுவதும் பாய்மேல் விழும், வாசல் பக்கமாக மாட்டுங்கள்.

அடுப்பு வெளியே, காற்று போகும் பக்கத்தில், குறைந்தது 12 அடி தள்ளி. கிடுகு பற்றினால் ஆளை எழுப்பக்கூட நேரம் இருக்காது. நுளம்புக்குப் பொச்சுமட்டையும் வேப்பிலையும் புகைக்கிற சட்டியையும் நித்திரைக்கு முன் வெளியே எடுத்து, மண் போட்டு அணைக்க வேண்டும். உப்பு, அரிசி, வாழைப்பழம் எல்லாம் மூடியிறுகும் தகரத்துக்குள் இருக்கட்டும், யானைக்கு மணம் எட்டிவிடும். யானைத்தடம் போகிற ஒழுங்கையில் வாடி கட்டுவதே பிழை. மீன்குடலை இறங்குதுறையில் வீசாதீர்கள், முதலை அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். தள்ளிப்போய் 2 அடி ஆழத்தில் புதையுங்கள்.

மாரிக்கு முன்

கட்டுவதற்கு நல்ல காலம் காலபோக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை. ஒவ்வொரு ஆண்டும் புரட்டாதிக்குள் ஒருமுறை உள்ளே நின்று பகலில் கூரையைப் பாருங்கள். வெளிச்சம் ஊசியாகத் தெரிகிற இடமெல்லாம் ஒழுகும். கூரை ஒரு மாரி நன்றாகத் தாங்கும். இரண்டாம் மாரிக்கு முன் பழைய கிடுகைப் பிரிக்காமல் அதன்மேல் புதிய படை ஒன்று போடலாம், மூன்றாவதற்கு முழுவதையும் இறக்கிவிட வேண்டும். கப்பின் அடியைக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினால் பக்கத்தில் புதுக் கப்பு ஒன்றை நட்டு வளையோடு சேர்த்துக் கட்டிய பிறகே பழையதைப் பிடுங்க வேண்டும்.