கட்டில்ல ஏறி நம்ம கூடவே படுக்குற நாயை அடிக்காம, வெளிய தள்ளாம கீழ படுக்க பழக்குறது எப்படி

எங்க செவலையை ஒரு ஐப்பசி மழைல ரோட்டோரமா இருந்து எடுத்துட்டு வந்தோம், அப்ப அதுக்கு ஒன்றரை மாசம் கூட இருக்காது. முதல் ராத்திரி பூரா கத்துச்சு, மனசு கேக்காம நான்தான் தூக்கி மெத்தைல பக்கத்துல போட்டுக்கிட்டேன். அப்பறம் ரெண்டு வருஷம் அங்கயே தான். போன வருஷம் அம்மா எங்க கூட வந்து இருக்குற மாதிரி ஆச்சு, அம்மாவுக்கு வீசிங் இருக்கு, அந்த ரூம்ல தான் படுக்கணும், அதனால செவலை கட்டில விட்டு மட்டும் இல்ல ரூம விட்டே ஹாலுக்கு வரணும்னு ஆயிடுச்சு. அஞ்சு வாரம் ஆச்சு எங்களுக்கு. என்ன செஞ்சோம்னு வரிசையா சொல்றேன், முதல் தடவை நாய் வளக்குறவங்களுக்கு புரியுற மாதிரி.

முதல்ல ஒரு நாலு நாள் சும்மா கவனிங்க

உடனே மாத்த ஆரம்பிக்காதீங்க. எங்க படுக்குது, எப்படி படுக்குது, எத்தனை மணிக்கு எடம் மாறுதுன்னு பாத்து எழுதி வைங்க. குட்டிங்க பொறந்ததுல இருந்தே ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு கெடந்து தூங்குறதுங்க, அந்த சூடும் வாசனையும் தான் அதுக்கு பாதுகாப்பு. தாய் கிட்ட இருந்து சீக்கிரமே பிரிஞ்ச குட்டின்னா அந்த எடத்துல நம்மள வச்சுக்கும். அதாவது அதுக்கு வேணும்கிறது மெத்தை இல்ல, நம்ம பக்கம். இத புரிஞ்சுக்கிட்டா மீதி வேலை எல்லாம் சுலபமாயிடும்.

முதுக நம்ம மேல சாச்சு படுத்தா நம்பிக்கைல படுக்குதுன்னு அர்த்தம், மூஞ்சிய திருப்பிக்கிச்சேன்னு வருத்தப்படாதீங்க. வாசல பாத்து படுத்தா யாரு வர்றாங்க போறாங்கன்னு பாக்க வசதியா இருக்குன்னு படுக்கும். சுருண்டு மூக்க வாலுக்குள்ள வச்சுக்கிட்டா குளிருது, வயித்த டைல்ஸ்ல ஒட்டி கால நீட்டி கெடந்தா புழுங்குது. நீங்க கழட்டி போட்ட சட்டை மேல படுக்குதுன்னா உங்க வாசனைக்காக.

நாய் கட்டில்ல ஏறுனா அது உங்களுக்கு மேல தலைவன் ஆகப் பாக்குதுன்னு நெறைய பேரு சொல்லுவாங்க, அத நம்பி நாயை அமுக்கி அடக்குறவங்களையும் நான் பாத்துருக்கேன், ரொம்ப வேதனையா இருக்கும். கூண்டுல அடைச்சு வச்ச ஓநாய்ங்கள பாத்து உண்டான கருத்து அது. அத ஊரெல்லாம் பரவ வச்ச ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக், காட்டுல இருக்குற ஓநாய் கூட்டம்ங்கிறது அப்பா அம்மா புள்ளைங்க சேந்த குடும்பம் தான்னு 1999ல அவரே எழுதிட்டாரு.

உடம்பு சரியில்லையான்னு பாத்துடுங்க

இத தாண்டி போயிடாதீங்க. வளந்த நாய் ஒரு நாளைக்கு 12ல இருந்து 14 மணி நேரம் தூங்கும், குட்டின்னா 18, 20 மணி நேரம் கூட தூங்கும், அது சகஜம். ஆனா திடீர்னு தூக்கம் கூடிடுச்சு, சாப்பாடு கொறைஞ்சு போச்சுன்னா உண்ணி காய்ச்சலா இருக்கலாம், நம்ம ஊர்ல அது சாதாரணமா வர்ற ஒண்ணு, காதுக்குள்ளயும் விரலிடுக்குலயும் தடவி பாருங்க. வயசான நாய் ராத்திரில எந்திரிச்சு சுவத்தோரமா நடந்துகிட்டே இருந்தா மூட்டு வலியோ மறதியோ இருக்கலாம். நல்லா தூங்குறப்போ மூச்ச எண்ணிப் பாருங்க, நிமிஷத்துக்கு 30க்கு மேலயே தொடர்ந்து போச்சுன்னா டாக்டர் கிட்ட காட்டணும். இதெல்லாம் இருந்தா பழக்கம் மாத்துறது அப்பறம்.

படுக்கை

கடைல வாங்கணும்னு அவசியம் இல்ல. நாங்க ஒரு கோணிச் சாக்குக்குள்ள பழைய காட்டன் லுங்கி, பெட்ஷீட் எல்லாம் மடிச்சு வச்சு தச்சோம், மேல நான் ரெண்டு நாள் போட்ட துவைக்காத டீஷர்ட்ட விரிச்சோம். ஃபேன் காத்து படுற எடமா, நடக்குறவங்க கால் படாத மூலையா இருக்கணும், பக்கத்துல தண்ணி. சித்திரை வைகாசில அது சாக்கு மேல படுக்காம பக்கத்துல வெறுந்தரைல படுக்கும், வற்புறுத்தாதீங்க, அந்த எடத்துல இருந்தா போதும்.

பழக்குறது எல்லாம் பகல்ல

இங்க தான் எல்லாரும் தப்பு பண்றோம். ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கக் கலக்கத்துல போ கீழன்னு கத்துறோம், அதுக்கு என்ன புரியும். உப்பு வெங்காயம் எதுவும் போடாம வேக வச்ச சிக்கன நகம் சைஸ்க்கு பிச்சு வச்சுக்கோங்க, அது சாப்புடறதுக்கு முன்னாடி பசியா இருக்குற நேரமா பாருங்க. ஒரு துண்ட சாக்கு மேல போடுங்க. அது ஏறி எடுக்கும்போதே "எடத்துக்கு" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்படி ஒரு பத்து தடவை. ரெண்டாவது நாள்ல இருந்து வார்த்தைய முதல்ல சொல்லி, ஏறுனப்பறம் துண்டு. அப்பறம் தானா உக்காரும், படுக்கும், படுத்தா ரெண்டு துண்டு சேத்து குடுங்க. அதுக்கப்பறம் படுத்து அஞ்சு செகண்ட் இருந்தா, பத்து செகண்ட் இருந்தா, நீங்க ரெண்டடி தள்ளி போயிட்டு வர்ற வரைக்கும் இருந்தான்னு மெதுவா நீட்டுங்க. ஒரு தடவைக்கு மூணு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, அவ்ளோதான்.

வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தைய சொல்லணும். எங்க வீட்டுல அம்மா "போய் படு"ன்னும் என் பையன் "கோ"ன்னும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, செவலை ரொம்ப கொழம்புச்சு, அத சரி பண்ணதுக்கு அப்பறம் தான் வேகமா கத்துக்கிச்சு. இன்னொன்னு, அந்த எடத்துல வச்சு திட்டுறது, ஊசி போடுறது, நகம் வெட்டுறது எதுவும் வேண்டாம்.

ராத்திரி

சாயங்காலம் நல்லா மோப்பம் பிடிக்க விட்டு ஒரு நடை, அப்பறம் சாப்பாடு, படுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு போக வெளிய. குட்டின்னா எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க, சுமாரா அத்தனை மணி நேரம் தான் அடக்கும், ரெண்டு மாசக் குட்டின்னா மூணு மணி நேரம், நடுவுல நீங்க தான் எந்திரிச்சு கூட்டிட்டு போகணும்.

முதல் வாரம் சாக்கு கட்டிலுக்கு ஒட்டியே இருக்கட்டும், கைய தொங்க விட்டா அது மேல படுற தூரம். கட்டில்ல ஏறுச்சுன்னா கத்தாதீங்க, கொஞ்சாதீங்க, செயின்ல மெதுவா எறக்கி "எடத்துக்கு"ன்னு சொல்லி, படுத்ததும் தடவி குடுங்க. பத்து தடவை ஏறுனா பத்து தடவையும் இதே தான். மூணாவது நாலாவது ராத்திரி முன்ன விட அதிகமா மொனகும், பழைய வழி இனிமே செல்லுபடியாகுமான்னு கடைசியா பாக்குது, அன்னைக்கு நீங்க எறங்கி வந்து தூக்கிட்டீங்கன்னா ஒரு மணி நேரம் அழுதா கட்டில் கெடைக்கும்னு கத்துக்கும், அடுத்த தடவை ஒரு மணி நேரம் அழும்.

ஆனா மொனகுறதும் பயமும் வேற. எச்சி ஒழுகி, மூச்சு வாங்கி, கதவ பறண்டுதுன்னா அது அடம் இல்ல. நாங்க ஆரம்பத்துல ஒரே நாள்ல மாத்திடலாம்னு ஒரு ராத்திரி பால்கனில விட்டு கதவ சாத்திட்டோம். காலைல பாத்தா கதவெல்லாம் கீறல், முன்னங்கால் நகம் ஒடைஞ்சு ரத்தம். அதுக்கப்பறம் பத்து நாள் அந்த கதவு பக்கமே அது வரல, எனக்கு இன்னைக்கும் அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. அப்படி பயம் தெரிஞ்சா ஒரு படி பின்னாடி போயிடுங்க.

பயம் இல்லாம ரெண்டு மூணு ராத்திரி முழுசா தூங்குனா சாக்க ஒரு அடி நகத்துங்க. கட்டில் பக்கத்துல இருந்து அலமாரி பக்கம், அங்க இருந்து கதவு நெலை, அப்பறம் நெலைக்கு வெளிய ஹால்ல, உங்க மூஞ்சி தெரியுற மாதிரி. ஹாலுக்கு மாத்துன முதல் நாலு நாள் நான் அங்கயே பக்கத்துல பாய் போட்டு படுத்தேன், அது ரொம்ப உதவுச்சு.

எல்லாருக்கும் ஹால் வரைக்கும் போகணும்னு இல்ல. அமெரிக்காவுல மயோ கிளினிக் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, நாய் வச்சிருக்குற 40 பேரோட தூக்கத்த 7 ராத்திரி அளந்தாங்க. படுக்கைல இருக்குற நேரத்துல நெசமா தூங்குற நேரம், நாய் ரூம்ல கீழ இருந்தப்ப 83 சதவீதம், கட்டில்லயே இருந்தப்ப 80. வீட்டுல வீசிங், அலர்ஜி யாருக்கும் இல்லன்னா ரூமுக்குள்ள கீழ படுக்க வச்சா போதும்னு தான் நானும் சொல்லுவேன்.

தூங்குற நாயை தொட்டு எழுப்பாதீங்க

காலு துடிக்கிறது, லேசா கொலைக்கிற மாதிரி சத்தம் வர்றது எல்லாம் கனவு, விட்டுடுங்க. எழுப்பணும்னா தள்ளி நின்னு பேர் சொல்லி கூப்பிடுங்க, திடுக்குனு முழிச்சா எவ்ளோ நல்ல நாயும் கடிச்சிடும். கொழந்தைங்க கிட்ட இத திரும்ப திரும்ப சொல்லணும்.

பழசுக்கு திரும்புச்சுன்னா

ஊருக்கு போயிட்டு வந்தா, விருந்தாளி வந்தா ரெண்டு நாள் மறுபடி கட்டில் பக்கம் வரும், பகல்ல சிக்கனோட ரெண்டு தடவை ஞாபகப்படுத்துனா சரியாயிடும். தீபாவளிக்கு மட்டும் நாங்க எந்த விதியும் வைக்கல, வெடிச் சத்தத்துல நடுங்கிக்கிட்டு வந்துச்சு, அம்மா அந்த ரெண்டு ராத்திரி என் தங்கச்சி வீட்டுல படுத்துக்கிட்டாங்க, செவலை என் கட்டிலுக்கு அடில கெடந்துச்சு, நான் கைய கீழ விட்டுக்கிட்டே தூங்குனேன். மூணாவது நாள் "எடத்துக்கு"ன்னு ஒரு தடவை தான் சொன்னேன், ஹாலுக்கு போய் சாக்கு மேல மூணு சுத்து சுத்திட்டு படுத்துடுச்சு.