போலீஸா, ஃபயரா? விருப்பம் எழுதும் முன் உங்களை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பு வந்தால் போதும், எங்கள் தெருப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்பார்கள்: "அண்ணா, போலீஸ் முதலில் போடவா, ஃபயர் போடவா?" இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு, ஒரே மைதானம், எந்தத் துறை முதலில் வேண்டும் என்ற விருப்பத்தை மட்டும் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில்தான் தொடங்குகிறது. என் சித்தப்பா டெல்டா பக்கம் தீயணைப்பு நிலையங்களில் 27 வருடம் வேலை பார்த்தவர், நான் அவர் வீட்டில் வளர்ந்தவன், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம். அடிப்படையோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேரும், பிடித்தம் போக ஒரு தொகை கைக்கு வரும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் எரிகிற கட்டடத்துக்குள் மற்றவர்கள் வெளியே ஓடிவரும்போது நீங்கள் உள்ளே போவதற்கான விலை அது கிடையாது, அப்படி ஒரு விலையை யாரும் தரப்போவதும் இல்லை. "ரிஸ்க் எடுக்கிறோம், சம்பளத்தில் அது தெரியும்" என்ற கணக்கில் விண்ணப்பம் போட்டால் இரண்டாம் வருடமே வெறுத்துவிடும். இதை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்படியானால் ஏன் சேர்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் சேர்வது அரசு வேலை என்பதற்காக. பத்தாம் வகுப்பு படித்தால் விண்ணப்பிக்கலாம், மாதம் தவறாமல் சம்பளம், பெண் கொடுப்பார்கள், வங்கியில் கடன் கொடுப்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்தப்பாவும் அப்படித்தான் சேர்ந்தார், போலீஸுக்குத்தான் ஆசைப்பட்டார், கிடைத்தது ஃபயர். நான் கவனித்த வரையில் சேர்கிற காரணம் ஒன்று, நிலைக்கிற காரணம் வேறு. அந்த இரண்டாவது காரணம் உங்களுக்குள் முளைக்குமா என்பதைத்தான் விருப்பம் எழுதும் முன் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு அது எப்படி முளைத்தது என்று சொல்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், சினை மாடு ஒன்று பாசனக் கிணற்றில் விழுந்துவிட்டது என்று கால் வந்தது (நிலையத்தில் 'கால்' என்றால் அழைப்பு, 'ஒரு கால் வந்துச்சு' என்றுதான் சொல்வார்கள்). மாட்டைக் கயிற்றில் கட்டித் தூக்கினால் வயிற்றில் அறுத்துவிடும், உள்ளே கன்று வேறு. ஓட்டை விழுந்து கழித்துப்போட்ட பழைய ஹோஸை (தண்ணீர் அடிக்கும் குழாய்) வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அது பட்டையாக, அகலமாக இருக்கும், சதையை அறுக்காது. இவர் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் மூச்சை அடக்கி முங்கி, மாட்டின் வயிற்றுக்கு அடியில் அந்த ஹோஸை இரண்டு இடத்தில் கொடுத்து மேலே முடிச்சுப் போட்டார். மாடு மிரண்டு உதைத்ததில் தொடை கன்றிப்போய் ஒரு மாதம் நொண்டினார். மாடு மேலே வந்ததும் அந்த வீட்டுக் கிழவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார், இவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை நிலைய வாசலில் ஒரு தூக்குவாளி நிறையப் பால் இருந்தது. "அன்னைக்குத்தான்டா இந்த வேலை எனக்குப் பிடிச்சது" என்பார் சித்தப்பா. காலையில் கிணற்றுக்குள் இருந்த உயிர் சாயங்காலம் தொழுவத்தில் புல் தின்கிறது. வேலையின் பலனை இப்படி அன்றைக்கே கண்ணால் பார்க்கிற வாய்ப்பு எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது?

இன்னொரு காரணம் பக்கத்தில் நிற்கிறவன். புகைக்குள் கண் தெரியாது, ஹோஸைப் பிடித்தபடிதான் முன்னால் போவீர்கள், திரும்பி வருவதற்கும் அதுதான் வழி. உங்களுக்குப் பின்னால் ஒருவன் அதே ஹோஸைப் பிடித்துக்கொண்டு வருவான். அவனை நம்பி நீங்கள், உங்களை நம்பி அவன். இப்படிப் பத்து வருடம் போனவர்கள் சம்பளம் அதிகம் என்று வேறு வேலைக்குப் போவது கடினம், போனவர்களும் தீபாவளி ராத்திரி நிலையத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது ஆபத்தைப் பற்றி. பொதுவாக "ஆபத்தான வேலை" என்று சொல்வதில் பயனில்லை, எப்படிச் செத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் பழைய கலசமகால் எரிந்தபோது கூரை இடிந்து விழுந்தது. முன்னணித் தீயணைப்பாளர் ('லீடிங் ஃபயர்மேன்' என்ற பதவி) ஒருவர் இறந்தார், அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த காயத்தோடு தப்பினார், பிறகு மீண்டும் பணிக்கு வந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரி தீயை அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பாளர் ஒருவர் இறந்தார், போலீஸ்காரர்கள், வேடிக்கை பார்க்க நின்றவர்கள் என நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். 2020 தீபாவளி அதிகாலையில் மதுரை நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை இருந்த பழைய கட்டடம் இடிந்து இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இந்த மூன்றில் இரண்டில் கொன்றது கட்டடம். பழைய கட்டடத்தில் மர உத்தரம் எரிந்து மெலிந்திருக்கும், அடித்த தண்ணீரைத் துணி மூட்டைகளும் சுவரும் குடித்து எடை ஏறியிருக்கும், நெருப்பு அடங்கிவிட்டது போலத் தெரிகிற நேரத்தில்தான் சரியும். சிலிண்டர் கதை வேறு: உள்ளே திரவமாக இருக்கிற எரிவாயு சூட்டில் கொதித்து அழுத்தம் ஏறும், திரவம் படாத மேல்பாகத்துத் தகடு சூடேறி இளகும், ஒரு கட்டத்தில் கிழிந்துவிடும். அதனால்தான் எட்ட நின்று தண்ணீர் அடித்துக் குளிர வைக்கச் சொல்கிறார்கள், கூட்டத்தை விலக்கச் சொல்கிறார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பயம் வந்தால் நல்லதுதான். பயத்தோடு கூடவே "அப்போ எந்தப் பக்கம் நிற்கணும்?" என்று கேள்வியும் வருகிறதா பாருங்கள். வந்தால் நீங்கள் இந்த வேலைக்கு ஆகக்கூடிய ஆள். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று தோன்றினால் தயவுசெய்து வேறு துறையை முதலில் போடுங்கள், உங்களோடு உள்ளே வருகிறவனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுத்து, நெருப்பைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. வீட்டுக்குள் பாம்பு, மரத்தில் கதண்டுக் குளவி, புயலில் சாய்ந்த மரம், வெள்ளத்தில் மாட்டிய குடும்பம் எல்லாம் உங்கள் தலையில்தான். 2018இல் கஜா புயல் அடித்தபோது சித்தப்பா எத்தனை நாள் வீட்டுக்கு வரவில்லை என்று எண்ணுவதைச் சித்தி நிறுத்திவிட்டார். அப்புறம் பிணம். ஆற்றில், ஏரியில் மூழ்கிய பிள்ளையைத் தேடி எடுத்து, கரையில் காத்திருக்கும் தாயின் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். சித்தப்பா நெருப்புக் கதைகளை விலாவாரியாகச் சொல்வார், இதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், நாங்களும் கேட்க மாட்டோம். உங்களால் இதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, ஆனால் இப்படி ஒரு பங்கும் இருக்கிறது என்று தெரிந்து போகலாம்.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரு நிலையத்துக்கு நேரில் போங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கும், ஒத்திகை காட்டுவார்கள், அப்போது போனால் பேசுவதற்கு ஆள் கிடைக்கும். (1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்து 66 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள், அந்த நாளைத்தான் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள்.) அதிகாரியிடம் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள், பதினைந்து வருடம் ஆன ஒரு முன்னணித் தீயணைப்பாளரைத் தேடிப் பிடியுங்கள். சம்பளத்தைக் கேட்காதீர்கள், அது அறிவிப்பிலேயே இருக்கிறது. கடைசியாகப் பொங்கலுக்கு வீட்டில் இருந்தது எப்போது, முதுகும் முட்டியும் எப்படி இருக்கிறது, இவருடைய மகன் இதில் சேர விரும்பினால் சேர்ப்பாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள்.

முடிந்தால் மூச்சுக்கருவி செட்டை முதுகில் மாட்டிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகமூடி மூடியதும் உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் காதில் கேட்கும், சிலருக்கு அந்த நிமிடமே கழற்றி எறியத் தோன்றும். உருளையில் காற்று எத்தனை நிமிடம் வரும் என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, பதறி மூச்சு வாங்கினால் சீக்கிரம் தீரும். பதறாமல் மூச்சு விடுவது பயிற்சியில் வரும், ஆனால் அடைத்த இடம் என்றாலே மூச்சு முட்டுகிறவர்கள் அதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுக்கு 6 மதிப்பெண், அதற்கு முன் தமிழ் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், இதற்கு நாலு மாதமாவது முன்னால் தொடங்குங்கள். கயிறு ஏறுவதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் மைதானத்தில் அழுதுகொண்டு நின்றார்கள்.

வீட்டில் பேசுவது இன்னும் முக்கியம். அம்மாவிடம் "ஆஃபீஸ் மாதிரிதாம்மா" என்று பொய் சொல்லிச் சேராதீர்கள், முதல் பெரிய விபத்துச் செய்தி டிவியில் ஓடும்போது அந்தப் பொய் அவரைத்தான் வதைக்கும். ஓய்வூதிய விதி, பணியில் இறந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் நீங்கள் சேரும் ஆண்டின் அரசாணையைப் பார்த்து உறுதி செய்யுங்கள், அடிக்கடி மாறுகிறது. நாமினி படிவத்தை முதல் மாதமே நிரப்புங்கள், திருமணம் ஆனதும் மாற்றி எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. பிளாஸ்டிக், ஃபோம், பெயின்ட் எரிந்த புகையும் கரியும் துணியிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நெருப்பு அணைந்த பிறகு புகை கிளம்பும் குப்பையைக் கிளறும்போதும் முகமூடியைக் கழற்றாதீர்கள். சீருடையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். சித்தப்பா வந்ததும் கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போய் அடிபம்பில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, சட்டையை அங்கேயே தனி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நாங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வந்தால் "இரு, இரு, குளிச்சிட்டு வரேன்" என்று கையைக் காட்டி நிறுத்துவார். அவருக்கு ஆராய்ச்சி எதுவும் தெரியாது, அந்த வாடை பிள்ளைகள் மேல் படக்கூடாது என்று நினைத்தார். நீங்களும் வீட்டு வாசலில் ஒரு வாளியைத் தனியாக வைத்துவிடுங்கள்.