துயரமான ஆண்டில் திருவருகைக்காலத்தைத் தியானிப்பது எப்படி?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம், நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போதோ, அன்புக்குரியவரைப் பறிகொடுத்த ஆண்டிலோ அது வந்து சேரும்போது, ஊரே விழாவுக்கு ஆயத்தமாகையில் நமக்கு மட்டும் அதில் இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் திருச்சபை இந்த நான்கு வாரங்களில் ஊதா உடை அணிகிறது. ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற மகிழ்ச்சிப் புகழ்ப்பாடலைத் தவிர்க்கிறது. பாபிலோனில் நாடு கடத்தப்பட்டிருந்த மக்களுக்கு ஆறுதல் சொன்ன, விவிலியத்தின் எசாயா நூலின் 40ஆம் அதிகாரத்தை வாசிக்கிறது. ஆகவே, இல்லாத மகிழ்ச்சியை வரவழைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

முதல் வாரத்தில் முறையீட்டிலிருந்து தொடங்குங்கள். திருப்பாடல் 13 ஆறே வசனங்கள் கொண்டது. அதன் முதல் இரண்டு வசனங்களிலேயே, இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது. அதை வாய்விட்டு வாசித்தபின், உங்கள் கேள்வியையும் ஒரே வரியில் எழுதுங்கள். "என் துன்பங்கள்" என்று பொதுவாக எழுதாமல், "மருத்துவமனை வராந்தாவில் இன்னும் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பேன், ஆண்டவரே?" என்பதுபோல உள்ளதை உள்ளபடி எழுதுவது நல்லது. அத்திருப்பாடல் நம்பிக்கையில்தான் முடிகிறது. என்றாலும் அந்த இறுதி வரிகளுக்கு அவசரமாகத் தாவ வேண்டாம். கேள்வி அடங்காத நாள்களில் கேள்வியோடு நிற்பதும் செபமே.

அடுத்து, மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் 2 முதல் 11 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில், துயருற்றோருக்கு இக்காலத்தின் வாசகங்களுள் இதுவே மிகுந்த துணை. யோர்தான் கரையில், வாக்களிக்கப்பட்ட மீட்பரான மெசியாவைச் சுட்டிக்காட்டிய அதே திருமுழுக்கு யோவான், சிறையிலிருந்து தம் சீடர்களை அனுப்பி, வரவிருப்பவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று இயேசுவிடம் கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்வை பெறுவதையும் ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுவதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். பின்னர் மக்கள் முன்னிலையில் யோவானைப் புகழ்கிறார். சிறைக்கதவு மட்டும் திறக்கவில்லை. மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டில், 'மகிழ்ச்சி ஞாயிறு' எனப்படும் மூன்றாம் ஞாயிறன்றே இப்பகுதி வாசிக்கப்படுவது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது. இதைத் தியானிக்கும்போது யோவானின் இடத்தில் உங்களை வைத்து, நீங்கள் விரும்பிய விடுதலை வராதபோதும் உங்கள் கண்முன் நிகழ்ந்த நன்மை ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், அந்நாளில் அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

நாசி ஆட்சிக்காலத்தில் கைதான இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப், 1944ஆம் ஆண்டின் திருவருகைக்காலத்தைப் பெர்லினின் டேகல் சிறையில் கழித்தார். விலங்கிட்ட கைகளாலேயே அவர் இக்காலத்தைப் பற்றிய தியானங்களை எழுதினார். அவை இரகசியமாக வெளியே கொண்டுசெல்லப்பட்டன. 1945 பிப்ரவரி 2 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். விடுதலை உறுதியாகத் தெரிந்தால்தான் எதிர்நோக்கு பிறக்கும் என்று நினைப்பவர்கள் அவரது அந்த நாள்களை எண்ணிப் பார்க்கலாம்.

மெழுகுதிரி வளையம் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒன்றாக மட்டுமே ஏற்றுங்கள். மற்ற விளக்குகளை அணைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் அமர்ந்தால் போதும்.

டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன்பாக வரும் முன்மொழிகள் எனப்படும் சிறு மன்றாட்டுகளை நாளுக்கு ஒன்றாகச் செபியுங்கள். ஒவ்வொன்றும் மெசியாவை ஒரு பெயரால் அழைத்து, வாரும் என மன்றாடுகிறது. 20ஆம் நாளுக்குரியது அவரைத் தாவீதின் திறவுகோலே என்று அழைத்து, சிறையிலும் இருளிலும் இருப்பவரை வெளியே கொண்டுவர வேண்டுகிறது. அன்று உங்களுக்காக மட்டும் மன்றாடாமல், அதே நிலையில் அடைபட்டிருக்கும் ஒருவரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செபம் முடிந்ததும் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அறிவுரை கூறாமல், அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள்.